நூற்றுப் பதினெட்டு கிராம் கூடுதல்

மார்ச் 4

அன்புள்ள மைத்துனனுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் பட்டறையும் நன்றாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. அவள் கிளப்பில் சுட்டுப் பதக்கம் வாங்கிய இரண்டு நீளத் துப்பாக்கிகளும் என் பெயருக்கு மாறிவிட்டன. புதிதாகச் செய்தவைதான், ஆனால் பழைய காலத்து மாதிரி. குழலின் வாய் வழியாக வெடிமருந்து போட்டுச் சுடுபவை. உனக்குத் தெரியாததா? அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததற்கு மேல் எனக்கும் அவற்றுக்கும் பழக்கம் இல்லை.

நேற்று உரிம அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். கதவு மூலையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது என்ன துடைப்பமா, சாத்தி வைக்க? இரும்பு அலமாரி வேணும், சுவரோட முடுக்கியிருக்கணும். ஒரு மாசத்துக்குள்ள செய்யலைன்னா எடுத்துட்டுப் போயிடுவோம்" என்றார். நான் காலண்டரில் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

கடையில் விற்கும் துப்பாக்கிப் பெட்டகம் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. அதிலும் பாதி குட்டையானவை. நம்முடையது நிறுத்தினால் 148 சென்டிமீட்டர். எடை ஒன்று 4 கிலோ 185 கிராம், மற்றது 4 கிலோ 60 கிராம். எடை உனக்குத் தேவையில்லை. முத்திரை ஆய்வாளனாக முப்பத்தொரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்தவனுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று சந்தேகங்கள். யாரையும் கூப்பிடாமல் நான் ஒருவனே திறக்கும்படி பூட்டு அமையுமா? மருந்து டப்பாவும் அதிலேயே இருக்கலாமா? மருந்து எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?

மற்றபடி வேலையெல்லாம் முடித்துவிட்டேன். வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு மகள் பெயரை எழுதி வைத்தாயிற்று. தப்பாக ஏதும் கேட்டிருந்தால் மன்னித்துவிடு.

உன் அத்தான்


மார்ச் 11

தராசு அத்தானுக்கு,

உங்க லெட்டர் வந்துச்சு. நாலு தடவை படிச்சேன்.

பெட்டகமெல்லாம் வேண்டாம். ஒரு ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஃபைல் பீரோ ஒண்ணு பட்டறையில நிக்குது, ஆறடி உயரம். உள் தட்டையெல்லாம் வெட்டி எடுத்துடறேன். கதவுக்குப் பின்னால இன்னொரு தகடு வச்சு பற்றவைக்கறேன். கீல் வெளியே தெரியக் கூடாது, தெரிஞ்சா திருடன் அதைத்தான் அறுப்பான். நாலு போல்ட்டு உள்பக்கத்துலேர்ந்து சுவருக்குப் போகும். குழல் சாய ஒரு மரச்சட்டம், அதுல துணி. ஸ்பாஞ்ச் வைக்கக் கூடாது, ஈரம் குடிச்சுத் துரு புடிக்கும். செலவைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா பீரோவுக்குள்ள உங்களை வச்சுப் பூட்டிடுவேன்.

மருந்து எதுக்கு அத்தான்? சுட்டது அக்கா. டப்பாவைக் கிளப்புல திருப்பிக் குடுத்துடுங்க. குடுத்துட்டேன்னு எழுதுங்க.

நானே கொண்டு வந்து மாட்டித் தர்றேன். ஆளை அனுப்ப மாட்டேன்.

உங்க மச்சினன்


ஏப்ரல் 12

அன்புள்ள மைத்துனனுக்கு,

உரிம அலுவலகத்துக்காரர் மறுபடி வந்து பார்த்தார். கதவைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கினார், அவர்தான் ஆடினார். "யாரு செஞ்சது? எங்க ஆபீஸுக்கே ஒண்ணு வேணுமே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மருந்து டப்பாவையும் நீ சொன்னபடி கொடுத்துவிட்டேன்.

நன்றியோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சில விஷயங்கள் நெருடுகின்றன.

பீரோவை மாட்டிய அன்று என்னை எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பினாய். பக்கத்துக் கடையிலேயே எண்ணெய் இருக்கிறது என்று சொன்னேன். "அது ஆகாது அத்தான், நான் சொன்ன கடையில சொன்ன டப்பாதான்" என்றாய். போய்வர ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது இரண்டு துப்பாக்கிகளும் பழைய போர்வையில் சுற்றி உள்ளே நின்றன. நீ கையைக் கழுவிக்கொண்டிருந்தாய், சாப்பிடாமல் கிளம்பினாய். ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிப்போடாத ஆள் நீ.

இரண்டாவது, அந்த வகைப் பூட்டுக்கு இரண்டு சாவி வரும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

மூன்றாவது, மகள் போனில், "அப்பா, பீரோ சாவியை எங்கே வச்சிருக்கீங்க?" என்றாள். பீரோ வந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

வீணாகச் சந்தேகப்படுவது என் தொழில் வியாதி. அப்படித்தான் என்று எழுதிவிடு, போதும்.

உன் அத்தான்


ஏப்ரல் 19

அத்தானுக்கு,

இன்னொரு சாவி பட்டறையில பத்திரமா இருக்கு. நீங்க தொலைச்சா நான்தானே உடைக்கணும். பாப்பாகிட்ட பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்.

ராத்திரி தூக்கம் வருதா? சமைக்கிறீங்களா, இல்ல ரொட்டிதானா? காலையில நடக்கப் போறீங்களா? பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட பேசறீங்களா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் எழுதணும்.

உங்க மச்சினன்


மே 6

மைத்துனனுக்கு,

உன் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை. ஒருவன் பேச்சை வேறு பக்கம் திருப்பினால் தராசின் அடியில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர்களிடம் நான் கற்றது அது.

நேற்று எண்ணெய் தடவுவதற்காகப் பெரியதை வெளியே எடுத்தேன். எடை போட்டேன். 4 கிலோ 303 கிராம். நூற்றுப் பதினெட்டு கூடுதல். தராசைச் சோதனை எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்து மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதேதான். சின்னதிலும் நூற்றுப் பதினாறு கூடியிருக்கிறது.

எண்ணெயும் துருவும் சேர்ந்தாலும் இத்தனை வராது. பொருளைச் சுரண்டினால் எடை குறையும். ஒரு பொருள் தானாக நூறு கிராம் கனத்தால் அது அந்தப் பொருளே இல்லை.

துப்பாக்கியில் பொறித்த எண்கள் உரிமத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றன. ஆனால் எண் குத்தும் அச்சு உன் பட்டறை மேசையில் வரிசையாக அடுக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டாய் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே! அவள் தோளில் சாய்த்து வைத்திருந்த கட்டை அது.

இருபதாம் தேதி வரை பார்ப்பேன். பிறகு உரிம அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன். நீ அவளுடைய தம்பிதான். ஆனாலும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


மே 11

அத்தானுக்கு,

திருட்டுப் பட்டம் குடுத்துட்டீங்க. வாங்கிக்கறேன். கடையிலேர்ந்து சீக்கிரம் திரும்பிட்டா என்ன செய்யறதுன்னு பயந்தேனே ஒழிய, எடை போடுவீங்கன்னு தோணவே இல்லை. முட்டாள் நான். யாரு வீட்டுல யாரு வேலையைக் காட்டறது!

துப்பாக்கி அக்காவோடதுதான். ரெண்டு குழலோட அடியிலயும் ஈயத்தை இறுக்கி அடைச்சிருக்கேன். இனி அது சுடாது. கம்பு மாதிரி.

ஏன்னு கேப்பீங்க. உங்க மொத லெட்டரை நீங்களே படிச்சுப் பாருங்க. யாரையும் கூப்பிடாம திறக்கணும்ங்கறீங்க, மருந்து கெடாம இருக்குமாங்கறீங்க. கடைசியில பத்திரத்தை உறையில போட்டு பாப்பா பேரை எழுதியாச்சுங்கறீங்க. பட்டாசு வெடிச்சாலே காதைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடற ஆளு நீங்க. அந்த லெட்டரை என் பொண்டாட்டிகிட்ட நீட்டினேன். படிச்சுட்டு, "நீங்க இன்னைக்கே கிளம்புங்க"ன்னா. பாப்பாவுக்கும் நான்தான் சொன்னேன். பீரோ, சாவி, எல்லாமே அதுக்குத்தான்.

நேர்ல கேக்க எனக்குத் தைரியம் வரலை. கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? அதான் ஈயத்தை அடைச்சேன்.

நான் நெனச்சது தப்புன்னா வந்து ஒரு அறை குடுங்க. அடைப்பை எடுத்துத் தர்றேன். அலுவலகத்துல எழுதிக் குடுக்கறதுன்னாலும் குடுங்க. எனக்கு ஒரு வரி பதில் மட்டும் வேணும்.

உங்க மச்சினன்


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலகத்துக்கு எழுதவில்லை. உன்னைத் திருடன் என்று சொன்ன கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு. நானே கிழிக்க வேண்டும்.

ஐந்தாம் தேதி எதற்காகத் துப்பாக்கியை வெளியே எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. எண்ணெய் தடவ என்று எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை. மருந்து டப்பாவைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னதும் உண்மை இல்லை. அன்று எங்கள் கல்யாண நாள். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. உன் சந்தேகம் சரி. எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் மார்ச் மாதத்திலிருந்து இருந்தது. முறையாகச் செய்கிறேன், எதையும் பாக்கி வைக்கவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

கையில் எடுத்ததும் கனம் வேறாகத் தெரிந்தது. எத்தனை கற்களைத் தூக்கிப் பார்த்த கை. நூறு கிராமுக்கு மேல் கூடுதல் என்று அது சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் என்னால் வேறு எதையும் செய்ய முடியவில்லை. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தராசை எடுத்துவரப் போனேன். பரணில் இருந்தது, ஏணி போட வேண்டியிருந்தது. எடை போட்டேன், மறுபடி போட்டேன், உன்மேல் கோபம் வந்தது. கோபத்தில் பசித்தது. ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சோறு வடித்தேன். பிறகு பதினோரு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே உயிரோடு இருந்திருக்கிறேன்.

உன் கடிதத்தை நேற்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டினேன். அவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு என்னை மருத்துவரிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாரம் ஒரு முறை வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவது எனக்கு வராது என்றேன். "எழுதிட்டு வாங்க, படிச்சுக்கலாம்" என்றார் மருத்துவர். மருந்து டப்பாவை இன்று காலை கிளப்பில் ஒப்படைத்தாயிற்று. இந்த முறை செயலாளரின் ரசீது இணைத்திருக்கிறேன். நான் சொல்வதை இனி சும்மா நம்பாதே.

அடைப்பை எடுக்க வேண்டாம். பீரோ சாவியையும் இந்த உறையிலேயே வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இரண்டு சாவியும் உன்னிடமே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அவளிடம் இதையெல்லாம் என் வாயால் சொல்ல வேண்டும். நீயும் வா. நான் பாதியில் நிறுத்திவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், விடாதே.

உன் அத்தான்