தோரா போட்ட ஒரு டிக்

மார்ச் 2, திங்கள்

கடல் சரியில்லை. கடலில் போட்ட நண்டுப் பொறிகளை இழுக்கப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த நான்கு வரிக்கே ஒரு பானைத் தேநீர் தீர்ந்துவிட்டது. எனக்கு வயது எழுபத்துநான்கு. எழுதத் தொடங்கி ஒரு வருடம்தான். எழுதியதைத் திருப்பிப் படித்தால் நான் நினைத்தது அப்படியே அங்கே இருக்கிறது! ஓடிப்போகவில்லை.

மார்ச் 5

ஓட்ஸ் பையில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். பின்பக்கம் கூட விடவில்லை. அக்கா ரூபி பிடுங்கிக்கொண்டாள். "டேய் மான்சி, அது பைபிள் இல்லடா. குடு, கஞ்சி வைக்கணும்."

மார்ச் 9

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் இப்போது வேறு டீச்சர். தினமும் பெரிய தீவிலுள்ள கிர்க்வால் நகரத்திலிருந்து குட்டி விமானத்தில் வந்து போகிறாள். நம் தோரா அக்டோபரிலிருந்து அப்பாவின் பண்ணையில் மாடு பார்க்கிறாள்.

எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவள் தோரா. போன வருடக் குளிர்காலம் முழுக்க, வாரத்தில் இரண்டு காலை, ஒன்பது பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் தாடையில் இடிக்கும் சின்ன நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குக் கடல் கதை சொல்லப் போகிறேன் என்றுதான் ஊரில் பேச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ரூபிக்கும் தோராவுக்கும் அந்த ஒன்பது பேருக்கும் மட்டுமே தெரியும். ஒன்பது பேரும் மூச்சு விடவில்லை. ஆறு வயது ஈடித் என் பக்கத்தில் இருப்பாள். "விரல வச்சுக்கோங்க தாத்தா, இல்லாட்டி வரி ஓடிடும்."

பிள்ளைகளோடு இருக்க வரும் பெரியவர்கள், தங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அரசிடம் சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. பள்ளி ஏடுகளைப் பார்க்க அக்டோபரில் வந்த அதிகாரி அதைக் கண்டுபிடித்துவிட்டார். தோராவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தோரா ஆசிரியராக இருக்கத் தகுதியானவளா என்று எடின்பரோவில் ஒரு குழு விசாரிக்கப் போகிறது. இல்லை என்று முடிவானால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் இந்த நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள்—

கை வலிக்கிறது.

மார்ச் 15

தோராவைப் பார்க்கப் போனேன். அவள் கன்றுக்குப் பால் கொடுக்கப் போயிருந்தாள். மேசைமேல் அந்தக் குழுவின் காகிதம் கிடந்தது. அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாதுதான். ஆனால் எழுத்து இப்போது என்னைக் கேட்டுக்கொண்டு கண்ணுக்குள் வருவதில்லை.

'சான்றிதழைப் பார்த்தேன் என்ற கட்டத்தில், அது பொய் என்று தெரிந்தே டிக் போட்டார்.'

தெரிந்தே. மூன்று முறை படித்தேன். தெரிந்தே என்றுதான் இருந்தது.

அவளுக்கு என்ன தெரியும்? "படிவம் அனுப்பியாச்சா மாமா?" என்று கேட்டாள். "அனுப்பியாச்சு, சீட்டும் வந்தாச்சு" என்றேன். படிவத்தை நிரப்ப நான் ரூபியிடம் போக வேண்டும். எழுபத்துமூணு வயசுல பள்ளிக்கூடமா என்று அவள் சிரிப்பாள். அதனால் அடுப்பில் போட்டேன். இந்தத் தீவில் ஒருவன் ஆச்சு என்றால் ஆச்சுதான். எங்கே காட்டு என்று கேட்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். தோரா இங்கே பிறந்தவள். கேட்கவில்லை. டிக் போட்டாள்.

அவள் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடுப்புலயா? அடுப்புலயா போட்டீங்க?" சிரித்தாள். பிறகு அழுதாள். வாளி கையிலேயே இருந்தது.

"எல்லாம் என்னால வந்ததுன்னு அவங்ககிட்ட சொல்லேன்."

"நான் பாக்காம டிக் போட்டது நெசம். அதை எழுதிட்டேன். நீங்க எதுக்கு வகுப்புக்கு வந்தீங்கன்னு எழுதல மாமா. அது உங்க விஷயம்."

மார்ச் 16

நானெல்லாம் என்ன மனுஷன்?

மார்ச் 18

ரூபியிடம் சொன்னேன்.

"எங்கிட்ட குடுத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலைடா!"

"நீ சிரிப்பியேன்னு…"

"சிரிச்சிருப்பேன். சிரிச்சுக்கிட்டே எழுதியும் குடுத்திருப்பேன். கழுதை." பிறகு பேனாவை எடுத்தாள். "சொல்லு, அந்தக் குழுவுக்கு நான் எழுதறேன்."

வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவப் போய்விட்டாள்.

மார்ச் 24

கடிதம் முடிந்தது. ஆறு நாள். ஒரு பக்கம். காலை விமானத்தில் போய்விட்டது.

ஏப்ரல் 20

என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோராவுக்குச் சரியான கோபம். "யாரக் கேட்டு எழுதினீங்க? எல்லார் முன்னாடியும் நடக்கும் மாமா. பத்திரிகைக்காரன்கூட வருவான்."

"வரட்டுமே. எம்பேரச் சரியா போடுறானான்னு பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒரு டஜன் முட்டை கொடுத்தாள்.

மே 12, எடின்பரோ

பேருந்திலிருந்து தெருப் பலகைகளை எல்லாம் படித்தேன். ஒரு நகரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாள் எனக்கு மட்டும் கேட்கவில்லை.

விசாரணை அறையில் நீள மேசை. குழுவில் மூன்று பேர். உண்மையே சொல்வேன் என்ற உறுதிமொழி ஓர் அட்டையில் இருந்தது. அந்த அலுவலகப் பெண் மெதுவாக, "நான் ஒவ்வொரு வார்த்தையா சொல்றேன், நீங்க திருப்பிச் சொன்னாப் போதும்" என்றாள். நல்ல பெண். வேண்டாம் என்றேன். விரலை வைத்துப் படித்தேன். நேரம் ஆயிற்று. தோரா தலை குனிந்திருந்தாள். அவள் உதடும் அசைந்தது.

குற்றச்சாட்டை நடத்தும் வக்கீல் கேட்டார். "அப்ப நீங்க அவங்ககிட்ட பொய் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?"

"படிக்கத் தெரியாதத மறைக்கத்தாங்க அப்ப பொய் சொன்னேன். இப்பதான் உங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே. இனி மறைக்க எங்கிட்ட என்ன இருக்கு?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் குழுத் தலைவி தோராவைக் கேட்டாள், இனி இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று. தோரா தலை நிமிர்ந்தாள். "கேப்பேங்க. எங்கப்பாவே வந்து நின்னாலும், சீட்டக் காட்டுப்பான்னு கேப்பேன். எங்க ஊர்ல அது மரியாதை இல்ல. ஆனா பிள்ளைங்க எங்கிட்ட இருக்காங்க."

அவள் சொல்வதுதான் சரி. நல்லவனாகத்தான் இருப்பான் என்று என்னை உள்ளே விட்டதுபோல, கெட்டவன் ஒருவனையும் விட்டுவிடக்கூடுமே.

மே 29

தீர்ப்புக் காகிதம் வந்தது. பதினொரு பக்கம். தோரா கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முடிவை வாயால் சொல்லவில்லை. "நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டு ரூபியோடு உட்கார்ந்துகொண்டாள். எட்டாம் பக்கம் வருவதற்குள் இரண்டு முறை தேநீர் போட்டார்கள். "முன்னாடி இருக்கறதெல்லாம் விட்டுட்டு முடிவப் படியேன்டா!" என்று ரூபி கத்தினாள். விடவில்லை. வரிசையாகத்தான் படித்தேன்.

பொய் என்று தெரிந்து டிக் போடவில்லை. ஆனால் பார்க்காமல் போட்டது தவறு. ஒரு வருடத்துக்குக் கண்டனம் அவள் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். பெயர் பதிவேட்டில் இருக்கும். அவள் பாடம் நடத்தலாம்.

அதற்கு முன், ஒன்பதாம் பக்கத்தில்: 'படிக்கத் தெரியாததை மறைக்கவே தோராவிடம் பொய் சொன்னதாகச் சாட்சி அ சொன்னதை இந்தக் குழு நம்புகிறது.'

"யாரு இந்தச் சாட்சி அ?"

"நீங்கதான் மாமா. உங்க பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு மறைச்சிருக்காங்க."

அந்த வரியை ரூபிக்கு இன்னொரு முறை சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஜூன் 1

தோரா இன்று பள்ளிக்கூடத்தைத் திறந்தாள். விமானத்தில் வந்த டீச்சரிடமிருந்து சாவியை வாங்கி, அவளுக்கு ஒரு சீஸ் கட்டி கொடுத்து அனுப்பினாள்.

நான் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, 'சாட்சி அ' என்பதை அடித்துவிட்டு மேலே மேக்னஸ் ஃப்ளெட் என்று என் முழுப் பெயரை எழுதி, கடை வாசலில் படகு நேர அட்டவணைக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன்.

"அவங்களே மூடி வச்சத நீ ஏன்டா திறக்கற?" என்றாள் ரூபி.

"நம்பறாங்கன்னு போட்டிருக்கான் அக்கா. யாரைன்னு தெரிய வேணாமா?"

ஜூன் 3

ரொட்டி வாங்கப் போனேன். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் படித்திருக்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்கார ஸ்டூவர்ட் மட்டும் ரொட்டியைக் கட்டிவிட்டு, அன்று வந்த செய்தித்தாளை என் பக்கம் தள்ளினான்.

"எங்கண்ணாடிய வீட்ல விட்டுட்டேன் மான்சி. ஆட்டு விலை என்ன போட்டிருக்கான், கொஞ்சம் படியேன்."

கண்ணாடி அவன் மூக்கில்தான் இருந்தது. முழுப் பக்கத்தையும் படித்தேன்.