கண்ணை மறைத்த செவ்வந்தி மாலை

தோட்டத்துச் சாளை,
அன்னூர் வழி.
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் நம் மகள் லாஸ்யாவும் நலம். சத்தீஸ்கர் காட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியோடு அலையும் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் வண்டிச் சத்தத்துக்கு நடுவே "செரி, வெய்யி" என்பீர்கள். இது அப்படி வைத்துவிடுகிற சேதி இல்லை. அதனால்தான் கடிதம்.

நம் ஊர்க் குட்டைக்கு அத்திக்கடவுத் தண்ணீர் வந்துவிட்டது! பவானி ஆற்றுத் தண்ணீர், அத்தனை மைல் குழாயில் ஏறி இறங்கி, நம் குட்டைக்கு! முதலில் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பிறகு செம்மண் கலங்கலாக ஒரு பாய்ச்சல். ஊரே கரையில் நின்று கத்தியது. நான் அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு பெட்டி. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு முழம் செவ்வந்தி மாலையும் போட்டேன். எலுமிச்சம்பழம் வைக்காமல் நீங்கள் போர்வண்டியைக் கிளப்புவீர்களா? கால் மணி நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது. மேற்கூர்க்காரர்கள்தான் வழியில் குழாயை அடைத்துவிட்டார்கள் என்று நம் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார்கள்.

நல்லவேளை, இந்தத் தண்ணீர்த் திட்டத்து இன்ஜினியர் மிஸ்பா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். சின்ன வயசுதான். பெட்டியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குட்டையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும் கண் அந்தப் பெட்டியின் அடியில் இருக்கிறதாம். மாலை அதை மறைக்க, குட்டை நிறைந்துவிட்டது என்று நினைத்து அதுவே வால்வை அடைத்துவிட்டதாம். "ஏனுங்கக்கா, சாமிக்கு மால போடுங்க, வேண்டாங்கல. அதுக்குன்னு கண்ணக் கட்டிப்போட்டீங்களேங்க" என்றார். என் மானமே போயிற்று. மாலையை எடுத்ததும் தண்ணீர் மறுபடி பாய்ந்தது.

அது நடந்து இருபது நாள் ஆயிற்று. குட்டை முக்கால் நிறைந்திருக்கிறது. நேற்றுக் காலை நம் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மூன்று வருடமாக வெறும் பாறை கிடந்த கிணற்றில் எட்டுப் படி மூழ்கித் தண்ணீர் நிற்கிறது, மாமா!

"நம்ம கெணத்துல மோட்டார் ஓடுனாத்தான் இந்த ஊர் மண்ண மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். லாஸ்யா பெரியவளான சீருக்குக்கூட வரவில்லை. இப்போது மோட்டார் ஓடும். ஆனால் நான் போடவில்லை, யாரையும் போட விடவும் இல்லை. நீங்கள் வந்துதான் போட வேண்டும்.

நீங்கள் கிளம்பிய அன்று, காய்ந்த காடானாலும் இங்கேயே இருங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ரோஷத்தில் சொல்லவில்லை. அது என் தப்பு.

தீபாவளிக்குள் வாருங்கள். அடுத்த வருடம் ஆற்றில் தண்ணீர் எப்படியோ, யார் கண்டது? இந்தக் கிணறு திரும்ப வற்றினாலும் போக மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

உங்கள்
சண்முகப்பிரியா