இராசண்ணையின் இடது கண்

1998 மார்ச் 22, ஞாயிறு

கார் இன்றைக்கு உயிர் பெற்றது. நீனோவின் முற்றம் முழுக்க நீலப்புகை. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்பக்கம் கராஜ் வைத்திருக்கும் கிழவன் அவன். சிலுவை போட்டுக்கொண்டு, "லாசர்!" என்று கத்தினான். எனக்கும் இராசண்ணைக்கும் விளங்கவில்லை. வேதக்காரன் ஜோக்கிம்தான் விளக்கினான்: செத்துப் புதைத்து நாலாம் நாள் எழும்பி வந்தவராம்.

"நாலு நாள் என்ன பெரிய காரியம்?" என்றார் இராசண்ணை. "இது பதினெட்டு வருசம் கோழிக்கூடாய்க் கிடந்தது."

பியற் 1100 கார். லிபெர்த்தா வீதியில் இராசண்ணை சாரதியாக வேலை செய்யும் வீட்டு இத்தாலிய எசமானி, சின்னோராவின் செத்துப்போன தமையனுடையது. பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு கொட்டிலில் கிடந்தது. "வேண்டுமென்றால் கொண்டுபோ, கோழிகளை மட்டும் விட்டுவிடு" என்றாராம் சின்னோரா. போன வருசம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேரும் அதற்குக் கீழேதான் கிடந்தோம்.

ஜோக்கிம் வழமைபோலத் தொடங்கினான். "என்ன இருந்தாலும் எங்கடை சித்தப்பாவின்ரை மொறிஸ் மைனர் மாதிரி வராது. எந்த ஏத்தமும் ஏறும்."

"மன்னாரிலை எங்கையடா ஏத்தம்? அங்கை உயரமாய் இருக்கிறது கழுதையின்ரை காது மட்டும்தான்."

"உங்கடை ஊர் ஒஸ்ரின் கார் எல்லாம் இப்ப மண்ணெண்ணெயிலை ஓடுதாம் அண்ணை. குடிகாரக் கார்."

நான் சிரித்தேன். இராசண்ணை உடனே என் பக்கம் திரும்பினார். "டேய் குணம், நீ என்னத்துக்குச் சிரிக்கிறாய்? உன்ரை சைக்கிளுக்கே பிறேக் இல்லை, காலாலை உரசித்தானே நிப்பாட்டினனீ."

வயிறு நோகச் சிரித்தோம். கிழமை முழுக்க, நான் வேலை செய்யும் அவ்வக்காத்தோ வீட்டில், அந்த வக்கீல் வீட்டில், "சி, சின்னோரா" என்பதைத் தவிர எனக்குப் பேச்சில்லை. ஞாயிறு வந்தால்தான் ஒருவர் என்னை ஆளாக மதித்து ஏசுகிறார்.

மார்ச் 24

நகக்கண்ணில் கிறீஸ் போகவில்லை. கையுறை போட்டுக்கொண்டு பரிமாறச் சொன்னார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

பின்னேர லீவு. கனகேஸ்வரி அக்கா பஸ் நிறுத்தத்தில் எனக்காகவே நின்றிருந்தார். இராசண்ணையின் மனைவி, வீதியில் மறித்துக் கதைக்கிற ஆளே இல்லை.

"தம்பி, இவருக்கு இடது கண் தெரியேல்லை. சீனி வருத்தம் கண்ணுக்கை இறங்கிட்டுதாம். டொத்தோரே கார் ஓட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். இந்த மனிசன் கேக்கிறாரில்லை. சின்னோராவின்ரை பேரப்பிள்ளையளை ஏத்திக்கொண்டு நெடுகப் பள்ளிக்கூடம் போறார். எனக்கு ஈரக்குலை நடுங்குது."

நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

"நீர் சொன்னால் கேப்பார். தனிய இருக்கேக்கை ஆறுதலாய்ச் சொல்லும். தானாய்ப் போய்ச் சின்னோராவிட்டைச் சொல்லி வேறை வேலை கேக்கட்டும். வேறை ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். மானஸ்தன்."

ஓம் என்றேன். சத்தியம் பண்ணு என்று அவர் கேட்கவில்லை. நான்தான் பண்ணினேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தனியாகத்தான் இருந்தோம். ஜோக்கிம் பூசைக்குப் போயிருந்தான். இராசண்ணை கதவுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் வைத்திருந்த மெழுகு டப்பாவை எடுக்கத் தலை முழுவதையும் திருப்பினார். இவ்வளவு நாளும் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"அண்ணை, ஒரு விசயம்" என்று தொடங்கினேன்.

"என்ன, கலியாணமோ? பொம்பிளைக்குக் கண் தெரியாதெண்டு சொல்லு, நம்பிறன்."

அந்தச் சொல்லிலேயே நான் பிடித்திருக்கலாம். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு சொல்வேன்.

மே 3

இன்றைக்கும் இல்லை. வருகிற ஞாயிறு பகேரியாவில் பழைய கார்க்காரரின் கூட்டம். எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இராசண்ணை சின்னப் பிள்ளைபோலத் துள்ளுகிறார். அது முடியட்டும்.

மே 10, ஞாயிறு

நான் ஒரு நாய்.

எழுதத்தான் வேண்டும். முறையாக எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேரும் போனோம். பழைய வில்லா ஒன்றின் முன்னால் முப்பது நாற்பது கார். இராசண்ணை கோட் போட்டு, தானே கார் ஓடி வந்தார். வாசலால் திரும்பும்போது இடப்பக்கத் தூணில் மட்காட் உரசிவிட்டது. சின்னக் கீறல்தான். அக்கா சொன்னது நெஞ்சில் குத்தியது, அவ்வளவுதான். சின்னோராவின் தமையன் மகனும் வந்திருந்தான், அல்பா கார் வைத்திருப்பவன். தகப்பனின் கார் ஓடிவருவதைக் கண்டதும் அதன் மூக்கில் முத்தம் கொடுத்தான். இராசண்ணையைக் கட்டிப்பிடித்தான். இராசண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பாடு மரங்களுக்குக் கீழே, நீட்டு மேசையில். அவர்களிடம் ஒரு வழக்கம்: ஆளுக்கு ஆள் எழும்பி மற்றவனுடைய காரைப் பழிக்க வேண்டும். ஒருவனின் லான்சியா தள்ளித்தான் ஓடுமாம், அதனால்தான் பெஞ்சாதி மெலிந்துபோனாளாம். கேட்டால் எங்கள் நீனோவின் முற்றம் போலவே இருந்தது, ஆட்கள்தான் பணக்காரர். எங்கள் முறை வந்தது. எனக்குத்தான் இத்தாலியன் நல்லாக வரும். எழும்பினேன்.

கோழிக்கூட்டுக் கதை சொன்னேன். சிரித்தார்கள். இன்ஜினைக் கழற்றியபோது முட்டை இருந்ததென்று புளுகினேன். மேசையில் அடித்துச் சிரித்தார்கள். நான் கோப்பி கொண்டுபோனால் முகத்தையே பார்க்காத இனத்து ஆட்கள், என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு — கள்ளைப் போல ஏறியது.

யாரோ கத்தினான்: "அந்தக் கீறல்? அதுவும் கோழி செய்ததா?"

நான் சொன்னேன்: "இல்லை, இவருடைய இடது கண் பென்சன் எடுத்துவிட்டது. பாவம், வலது கண்தான் இரண்டு ஆளின் வேலையையும் செய்கிறது!"

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பெரிய சிரிப்பு. இராசண்ணையும் சிரித்தார். எல்லாரும் சிரிக்க அவரும் சிரித்தார். 'கண்' என்ற சொல் அவருக்கு விளங்கியிருந்தது. என்னைப் பார்த்தார்.

தமையன் மகன் மட்டும் சிரிப்பை நிறுத்தினான். "உண்மையாகவா?" என்று என்னைக் கேட்டான். ஒரு சொல் போதும். 'நோ.' குழந்தைப் பிள்ளையும் சொல்லும். என்ரை வாய் எங்கை போனது? இவ்வளவு நேரமும் ஓடின வாய்!

"பகிடி, பகிடி" என்று தன் உடைந்த இத்தாலியனில் இராசண்ணையே சொன்னார்.

அவன் பாண் கூடையை எடுத்து அவருடைய இடப்பக்கத்தால் மெதுவாக நீட்டினான். ஒன்றும் பேசாமல் நீட்டிக்கொண்டே இருந்தான். கூடை அந்தரத்தில் நின்றது. இராசண்ணை முன்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒவ்வொருவராகச் சிரிப்பை விட்டார்கள். கடைசியாகத்தான் அவர் விட்டார், ஏன் அமைதி என்று தெரியாமல்.

திரும்பி வரும்போது கார்த் திறப்பை நீனோவிடம் கொடுத்துவிட்டுப் பின்சீற்றில் இருந்தார்.

மே 11

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மே 14, வியாழன்

ஜோக்கிம் செய்தி கொண்டுவந்தான். தமையன் மகன் போய்ச் சொல்லி, இராசண்ணையைச் சின்னோரா வேலையால் நிறுத்திவிட்டார். சின்னோராவே அழுதாராம். கோபத்தைவிட, தன்னிடம் மறைத்ததுதான் தாங்க முடியவில்லை என்றாராம். இனி அந்த வீட்டுப் படியே ஏற வேண்டாமாம்.

நான் தலையில் கை வைத்தபடி இருந்தேன். ஜோக்கிம் தோளில் தட்டினான்.

"ஒரு வகையிலை நல்லதுதானேயடா. பிள்ளையளோடை எங்கையாவது போய் அடிபட்டிருந்தால்? நீ சொன்னது புண்ணியம்."

புண்ணியம்! கண் தெரியாதவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடக்கூடாதுதான். அதை யாராவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் பிள்ளைகளுக்காகவா சொன்னேன்? அந்த நேரம் எந்தப் பிள்ளையும் என் நினைவில் இல்லை. முன்னால் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் மட்டும்தான். அவரிடம் தனியாகச் சொல்ல வாய் வரவில்லை. ஊர் முழுக்கச் சொல்ல வந்தது. தானாகப் போய்ச் சொல்லியிருந்தால் அந்தச் சின்னோரா வேறு வேலை கொடுத்திருப்பார். அந்த ஒரு வழியையும் நான்தான் அடைத்தேன்.

ஜோக்கிமிடம் இதைச் சொல்லவில்லை. அக்கா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார் என்பதும் அவனுக்குத் தெரியாது. பகிடிக்கு விட்டது தற்செயலாகப் பலித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும் என்று விட்டேன். அதுவும் வெட்கம்தான்.

மே 17

கராஜில் நான், ஜோக்கிம், நீனோ. மொறிஸ் மைனரைப் பற்றி ஜோக்கிம் ஏதோ சொன்னான். பதில் சொல்ல ஆளில்லை.

மே 28, வியாழன்

இன்றைக்குப் போனேன். மூன்று தரம் அந்தத் தெருவால் நடந்துவிட்டுத்தான் மணியடித்தேன். அக்கா கதவு திறந்தார். உள்ளே வரச் சொன்னார். தேத்தண்ணி வைத்தார். ஏசுவார் என்று நினைத்துப் போனேன். ஏசினால் நல்லாக இருந்திருக்கும்.

"அக்கா, நான்..."

"சொல்லச் சொல்லிக் கேட்டது நான்தானே. நீரும் சொல்லிப்போட்டீர்." கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

இராசண்ணை அறையிலிருந்து வந்தார். சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார், யாரோ அந்நிய ஆட்கள் வந்ததுபோல.

"அண்ணை, நான் பெரிய பிழை விட்டிட்டன். மன்னிக்க வேணும்."

"என்ன பிழை? உள்ளதைத்தானே சொன்னது."

"அண்ணை, ஏசுங்கோ. ரெண்டு அடி எண்டாலும் அடியுங்கோ."

"அடிக்கிறதோ? சேச்சே." தொலைக்காட்சியைப் போட்டார். சைக்கிளோட்டப் போட்டி. கொஞ்சநேரம் இருவரும் பார்த்தோம். தேத்தண்ணியை விட்டுவிட்டு வர மரியாதையில்லை என்று ஆறியதைக் குடித்து முடித்தேன்.

ஜூலை 15

சாந்தா றொசாலியாவின் திருவிழாச் சனம். தூரத்தில் இராசண்ணையையும் அக்காவையும் கண்டேன். அவர் அக்காவின் தோளில் கை வைத்து, பின்னால் நடந்து வந்தார். படியிறங்கும் இடத்தில் காலால் தடவிப் பார்த்தார். வலது கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டதாக்கும். ஓடிப்போய்க் கை கொடுத்திருக்கலாம். கச்சான் விற்கிறவனின் வண்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், அவர்கள் போகும் வரைக்கும். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை.

செப்ரெம்பர் 3

கன்னியாஸ்திரிகள் நடத்தும் மடத்துக் குசினியில் இராசண்ணைக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். ஜோக்கிம்தான் சுவாமியாரிடம் கேட்டு எடுத்துக்கொடுத்தான். நான் கேட்கவில்லை. என்ன முகத்தோடு கேட்பது? அக்கா இன்னுமொரு வீடு எடுத்துத் துடைக்கிறார்.

ஒக்ரோபர் 11, ஞாயிறு

இராசண்ணை வந்தார்!

ஜோக்கிம் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். கண்ணுக்கு லேசர் பிடித்ததாம்; வலது கண் இனி மோசமாகாது என்கிறார்களாம். நீனோ அவரைக் கட்டிப்பிடித்து, நீ வராமல் கார் அழுதது என்றான்.

"அழேல்லை. நீ பூட்டின றேடியேற்றர் ஒழுகினது" என்றார் இராசண்ணை. நான்தான் மொழிபெயர்த்தேன். நீனோ தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்துச் சிரித்தான்.

அடுத்தது ஜோக்கிம். வயிறு வண்டி வைத்துவிட்டதாம், மொறிஸ் மைனரின் பின்பக்கம் மாதிரி. "இனி உனக்கு முன்னுக்கும் ஒரு பம்பர் வேணுமடா." கன காலத்துக்குப் பிறகு முற்றம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் முறைக்குக் காத்திருந்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள ஆயத்தமாக, ஏழைப் பிள்ளை பந்தியில் இலைக்குக் காத்திருப்பதுபோல.

என்னிடம் வந்தார். கார்த் திறப்பை நீட்டினார்.

"நீங்கள் ஓடுங்கோ."

எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் 'டேய்' என்பதைத் தவிர வேறு விதமாக என்னைக் கூப்பிடாத மனிதர்.

கடற்கரை வீதியால் போனோம். அவர் எனக்குப் பக்கத்தில், மற்ற இருவரும் பின்னால். சந்தி விளக்கில் நின்று எடுக்கும்போது முதலாம் கியர் விழாமல் கிறீச்சிட்டது. வீதியில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நீனோ காதைப் பொத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான். ஜோக்கிம், "டேய், மிளகாய்த்தூள் திரிக்கிறியோ?" என்று கூவினான்.

நான் இராசண்ணையைப் பார்த்தேன்.

அவர் முன்னால் பார்த்துக்கொண்டு, மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னார்:

"பரவாயில்லை. நீங்கள் நல்லாத்தான் ஓடுறியள்."