புரட்டாசியில் முட்டை ஓடு

புரட்டாசி 5, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது, மழை மட்டும் இல்லை. மொட்டை மாடியில் உர டிரம்மைக் கிளறும் வேலை. புது வாளிக்கு அடியில் ஓட்டை போட வேண்டும். அவர் கடையிலிருந்து ட்ரில் வரும் வரும் என்று ஒரு வாரமாகிறது. ஹார்டுவேர் கடைக்காரர் பெண்டாட்டிக்கே இந்த கதி.

இன்று போட்டது: வாழைக்காய்த் தோல், முருங்கைக் காம்பு, வடிகட்டிய டீத்தூள். மேலே காய்ந்த வேப்பிலை. புளித்த மோர் ஒரு டம்ளர். நாற்றம் இல்லை.

கிளறும்போது அடியில் வெள்ளையாக ஏதோ. பூஞ்சை என்று நினைத்தேன். முட்டை ஓடு. நாலைந்து முட்டையுடையது இருக்கும். நான் போட்டால் காயவைத்துத் தூளாக்கித்தான் போடுவேன். இது ஈரமாக, புதுசாக.

புரட்டாசி பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் முட்டையும் இல்லை மீனும் இல்லை. நெம்மேலி மீன்காரம்மாவைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்புகிறேன். முட்டை வாடை வந்தால் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

யாருடைய வேலை?

புரட்டாசி 6, செவ்வாய்

பின் போர்ஷனில் குடியிருக்கும் ஸ்டெல்லா மேல்தான் முதல் சந்தேகம். அவர்களுக்குப் புரட்டாசி கிடையாது. துணி காயப்போட மாடிக்கு வருகிறாள். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"நான் எதுக்குக்கா ஒளிச்சு போடப்போறேன்? எங்க வூட்டு முட்ட ஓடு குப்ப வண்டிக்குப் போவுது. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, கவர்ல கட்டி வைக்கறேன்."

முகத்தில் கள்ளம் இல்லை. அதுவே கொஞ்சம் இடித்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான். குப்பை வண்டியில் போட முடியாதவர்தான் டிரம்மில் ஒளிப்பார். வண்டிக்கார அம்மா வாசலிலேயே வாளியைக் கிளறிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவாள். அவளுக்குப் பயந்த ஆள் இந்த வீட்டு ஆள்.

புரட்டாசி 8, வியாழன்

நேற்று சாயங்காலம் நல்ல மழை. டிரம் மூடிமேல் நான் வைத்த செங்கல் திரும்பிக் கிடந்தது. உள்ளே மறுபடியும் ஓடு, பேப்பரில் சுருட்டி. சின்னச் சின்னத் துண்டு, உள்தோல் ஒட்டிக்கொண்டு. அவித்த முட்டை. என் அடுப்பில் அவிக்கவில்லை, அது நிச்சயம்.

அவர்: வாய்ப்பே இல்லை.
குமார்: வாய்க்கு வேண்டுமென்றால் ஓஎம்ஆர் ரோடு முழுக்க பிரியாணிக் கடை. வீட்டில் வந்து அவித்த முட்டை தின்கிற பிள்ளையா என் பிள்ளை?
காக்கா: செங்கல்லை நகர்த்தாது.
கலா.

மருமகள் போன வாரம்தான் கெட்டிலை மாடி அறைக்கு எடுத்துப்போனாள். "தொண்ட கட்டிக்கினு கீது அத்த, சுடுதண்ணி வெச்சுக்கறேன்." போனில் அவள் அம்மாவோடு பேசும்போது தொண்டை கணீரென்று இருக்கிறது.

குமார் வேறு கேளம்பாக்கத்தில் வீட்டு வாடகை எவ்வளவு என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். நண்பனுக்காம். நம்பினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

புரட்டாசி 10, சனி

பெருமாளுக்குப் படையல். வடை, சர்க்கரைப் பொங்கல், சுண்டல். இடுப்பு விட்டுப்போயிற்று. கலா இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள், தலைவலியாம்.

மத்தியானம் டிரம்மில் முழு வடை ஒன்று. எண்ணெய்ப் பண்டம் போட்டால் புழு வைக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். என் சமையல் இறங்கவில்லை, அறைக்குள் கெட்டிலில் தனிச் சமையல். தனிக்குடித்தனத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். போகட்டும். எனக்கென்ன.

எனக்கென்ன என்று எழுதிவிட்டேன். இந்த வீட்டில் அவரும் நானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து டிவி பார்ப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

புரட்டாசி 11, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து செம்பருத்தியில் மாவுப்பூச்சி எடுத்தேன். ஒளிந்திருந்தேன் என்றும் சொல்லலாம். கலா வந்தாள். காதில் போன், கையில் பேப்பர் பொட்டலம். நேராக டிரம்மிடம் போனாள். பேச்சு அவள் அம்மாவோடு.

"தெனம் ரெண்டு முட்ட துன்றேம்மா, டாக்டரம்மா சொன்ன மாதிரி. வாந்திதான் நிக்கல... இல்லம்மா, அத்தையாண்ட சொல்லல. போன தபா ரெண்டாம் மாசமே ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அப்பால கலைஞ்சி போச்சா, பூக்காரம்மாலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து கைய புடிச்சிக்கினு கேக்கறாங்க. எத்தினி பேருக்குமா நான் பதில் சொல்றது? இந்த தபா அஞ்சு மாசம் ஆவட்டும்."

பொட்டலத்தை உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்குக் கால் மரத்துவிட்டது.

முதலில் சந்தோஷம், பெருமாளே என்று கை கூப்பினேன். உடனே கோபம். நான் என்ன ஊருக்கு மைக்செட்டா? பேரப்பிள்ளை வரப்போகிறது என்றால் யார்தான் சொல்லமாட்டார்கள்? நான் சொன்னதால் கலைந்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மூன்று நாளாக நான் அவளைச் சந்தேகப்பட்டேன். அவள் போன தடவையிலிருந்தே என்னை நம்பவில்லை. அழுகை வந்துவிட்டது.

புரட்டாசி 12, திங்கள்

இன்று பார்த்து ட்ரில் வந்துவிட்டது. அவரே மாடிக்குப் போய் ஓட்டை போடுகிறேன் என்று கிளம்பினார். படியில் மறித்துக்கொண்டேன்.

"மேல ஒரே புழுவா நெளியுது. நீங்க வாணாம், நானே போட்டுக்கறேன்."

"ரெண்டு வாரமா ட்ரில்லு ட்ரில்லுன்னு உயிர எடுத்த. இப்ப வாணான்ற. இன்னாதான் உன் பேஜாரு?"

முட்டை ஓடுகளையெல்லாம் பொறுக்கிக் கல்லால் நசுக்கி, தென்னை நார்த்தூள் போட்டு மூடினேன். கத்தரிக்கு நல்லது.

எண்ணெய் குறைத்து மிளகு ரசம் வைத்தேன். கலா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தங்கைக்குப் போன் போட மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு மூட்டு வலியே தேவலை.

புரட்டாசி 14, புதன்

படாளத்திலிருந்து பெரிய நாத்தனார். தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடி, உம் மருமவ எதனா விசேஷமா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"மூஞ்சி வெளுத்துகினு கீது, அதான் கேட்டேன்."

"வெயில்ல வண்டி ஓட்டிக்கினு வேலைக்குப் போறா இல்ல."

"ஒண்ணு கலைஞ்சதோட சரி. அவளுக்குத்தான் எதனா கோளாறு கீதோ இன்னாவோ. வேற டாக்டராண்ட காட்னா இன்னா?"

நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும், அண்ணி வாய் அடைத்துவிடும். "பாக்கலாம் அண்ணி" என்று காபி போட எழுந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், மாடிப்படியில் கலா.

அண்ணி பஸ் ஏறிப் போனதும் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அத்த, டிரம்ல முட்ட ஓட்ட நீங்கதான நசுக்கி மூடனீங்க? உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இன்னா தெரியும்? எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலியே."

பிறகு அவளே விஷயத்தைச் சொன்னாள். முதல்முறை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டேன்.