நுனியிலை இல்லாத கிளை

ரீச்சர்,

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பார்க்கில் வோல்நட் காய்கள் விழத் தொடங்கிவிட்டன. காலையில் ஒன்றைப் பொறுக்கிப் பச்சைத் தோலை நகத்தால் கீறினேன். அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். விரல்கள் கறுத்துப்போயின. மருமகள் சவர்க்காரத்தை நீட்டினாள், வேண்டாமென்றேன். அவளை உட்காரவைத்து இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன். “ரீச்சர்தான் இல்லையே மாமா, ஆர் வாசிக்கிறது?” என்கிறாள். “நீ எழுது” என்றேன்.

ஊரில் நீங்கள் தாவரவியல் படிப்பித்தவர். ரொறன்ரோவில் உங்களுக்குக் கிடைத்தது, ஆராய்ச்சிக்குச் செடிகளைச் சேர்த்துவைக்கும் ஓர் அறையில், காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஊசி நூலால் தைத்து ஒட்டும் வேலை. நான் அதே கட்டடத்தில் நிலம் துடைத்தேன். ஊரில் நான் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கக் குழை வெட்டிக் கட்டி விற்றவன். இலையைத் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாது என்று முதல்நாளே உங்களுக்குச் சொன்னேன்.

“அப்ப இந்த அறையில என்னைவிட உங்களுக்குத்தான் வேலை கூட, அண்ணை” என்று சிரித்தீர்கள்.

அந்த அறையின் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தாளில் இருப்பது என்ன மரம் என்று கண்டவர், தன் பெயரோடு ஒரு சீட்டு ஒட்டவேண்டும். அது பிழையென்றாலும் பிறகு எவரும் உரிக்கக்கூடாது. பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டலாம். அவ்வளவுதான்.

கொஸ்ராரிக்காவின் மலைக்காட்டிலிருந்து ஒரு கட்டு வந்தது. அதில் ஒரு கிளையில் இலைகள் சோடி சோடியாய் எதிரெதிரே நின்றன. ஒவ்வொரு ஈர்க்கிலும் இருபுறமும் சிற்றிலைகள். அறைப் பொறுப்பாளர் பார்த்த பார்வையிலேயே ‘ஆஷ்’ மரத்தின் குடும்பம் என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நீங்கள் மட்டும் அதை விட்டு நகரவில்லை.

“எனக்கெண்டா வோல்நட் சாதி மாதிரிக் கிடக்கு. ஆனா வோல்நட்டுக்கு இலை மாறி மாறியெல்லோ வரும்?”

நான் பெரிய விண்ணன் போல, “சுள்ளியைப் பிளந்து பாருங்கோ ரீச்சர்” என்றேன். கட்டட வாசலில் நின்ற வோல்நட்டின் சுள்ளியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பிளந்து பார்த்திருந்தோம். உள்ளே, சுள்ளியின் நடுவிலுள்ள மெத்தென்ற சோறு ஏணிப்படி மாதிரித் தட்டுத் தட்டாய் இருந்தது. இந்தக் கிளையோடு வந்த உதிரிச் சுள்ளியைப் பிளந்தீர்கள். ஏணியும் இல்லை, படியும் இல்லை. நிறைந்த சோறு.

“சரி, அப்ப வோல்நட் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரொறன்ரோ வாசலில் நின்ற ஒரு மரத்தை வைத்துக்கொண்டு, வெக்கை நாட்டு மலையில் நிற்கும் அதன் சொந்தக்காரரையெல்லாம் அளந்தேன். அந்தப் பிழை என்னுடையது.

அடுத்த நாள் மேசைக்குக் கீழே துடைத்து நிமிர்ந்தபோது அந்தத் தாள் என் முகத்துக்கு நேரே இருந்தது. எந்த ஈர்க்கிலும் நுனியிலை இல்லை. ஆஷ் மரத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீதி முழுக்க நிற்கிறது. அதற்கு நுனியில் தனியாக ஓர் இலை எப்போதும் இருக்கும். தாளைத் தொடக்கூடாது என்பது எனக்குப் போட்ட கட்டளை. தொட்டேன். ஆடு கடித்த குழையைக் கட்டுக்குள் ஒளித்து விற்பவர்களை நுனி தடவிப் பிடித்த விரல் இது.

“ரீச்சர், இது முறிஞ்ச நுனி இல்லை. முறிஞ்சா வடு இருக்கும். இதுக்கு நுனியிலை பிறக்கேல்லை.”

நீங்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தீர்கள். இலையின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் பொட்டாய்ச் சின்னச் செதில்கள். பிறகு தாளின் மூலையில் இருந்த கடதாசிப் பொதியை அவிழ்த்தீர்கள். உள்ளே ஒரேயொரு காய். ஆஷ் காய்க்கு ஒரு சிறகு. இதற்கு மூன்று, நடுவில் நீளமாய் ஒன்று. புத்தகங்களைப் புரட்டினீர்கள். அந்த மலைகளில் எதிரெதிர் இலையோடும் சிறகுக் காயோடும் வோல்நட்டின் உறவுகள் நிற்கின்றன என்றீர்கள். அவற்றின் சுள்ளியில் ஏணி இல்லையாம்.

பொறுப்பாளர் மரத்தை ஒத்துக்கொண்டார். என்னை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேசியது எனக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு என் முன்னாலேயே பேசினார். கூட்டுகிறவன் பெயர் சீட்டில் வரக்கூடாது, உங்கள் பெயரைப் போடச் சொன்னார்.

“போடுங்கோ ரீச்சர், உங்கட வேலை எல்லோ” என்று நானும் கெஞ்சினேன்.

“கண்டது நானில்லை அண்ணை. பொய்ச் சீட்டு ஒட்டமாட்டன்.”

அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே என் பெயரை மையால் எழுதிப் பசை தடவி ஒட்டினீர்கள். ஒட்டியதை உரிக்கக்கூடாது என்ற அவருடைய சட்டத்தையே அவருக்குச் சொன்னீர்கள். முகம் சிவந்து போனார். அவரால் உரிக்க முடியவில்லை. உங்களைத்தான் உரித்தார்கள், அந்தப் பனிக்காலத்துக்குப் பிறகு உங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை.

இதற்காக உங்களோடு எவ்வளவு சண்டை பிடித்தேன். எழுத்தறியாதவனுக்குச் சீட்டில் பெயர் என்னத்துக்கு என்று உங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் நின்று கத்தினேன். “ரீயைக் குடிச்சிட்டுக் கத்துங்கோ” என்றீர்கள். பிறகு, எழுதிப் பார்த்த துண்டுச் சீட்டொன்றைத் தந்தீர்கள். “இதுதான் உங்கட பேர். வைச்சிருங்கோ.”

உங்கள் செத்தவீடு முடிந்த கிழமை, அந்த அறையின் புதுப் பிள்ளையிடம் கேட்டு அந்தத் தாளைப் பார்த்தேன். மேலே பொறுப்பாளருடைய சீட்டு. கீழே சற்றுச் சரிந்தபடி எங்களுடையது. சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாய் ஒப்பிட்டேன். இலை பார்ப்பது போலத்தான்.

முன்பெல்லாம் பெருவிரலை ஒற்றுவேன். இப்போது எந்தக் கந்தோரில் எந்தத் தாளை நீட்டினாலும் அந்தத் துண்டைப் பார்த்து அப்படியே கீறுகிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நிற்கட்டும். “எழுத்துச் சரிஞ்சு கிடக்கு மாமா, நேராக்கித் தரட்டோ?” என்று மருமகள் இப்போதும் கேட்கிறாள்.

கை வைக்காதே பிள்ளை என்கிறேன். அது ரீச்சர் ஒட்டினது.