ஆறு வீட்டுக்கு ஒரு உலை

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்மண்டபம் பகுதியில் இன்று எரிச்சல்தான் மிச்சம். ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்த மாதத்தில் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று என் பொருளாதார ஆய்வுக்காக வீடு வீடாகக் கேட்டேன். வரிசையில் ஆறு வீடு. ஆறிலும் ஒரே பதில்: "பக்கத்து வூட்ல துன்னோம் சார்."

அப்படியென்றால் சமைத்தது யார்? நிவாரணத்துக்காகப் பேசிவைத்துக்கொண்டு புளுகுகிறார்கள் என்றே பட்டது. கடைசி வீட்டு ஸ்டெல்லாவை அதட்டியே கேட்டுவிட்டேன்.

"எவளுக்கு ஜுரம் வுட்டுச்சோ அவ வூட்ல அன்னிக்கு ஒலை வெச்சோம். ஆறு வூடும் அதுலதான் துன்னுச்சு. இதுல இன்னா சார் பொய்யி கீது?"

அதையும் நம்பாமல்தான் திரும்பினேன். படிவத்தைப் புரட்டினால், முதல் பக்கத்தில் நானே எழுதிய விதி: ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம்.

அந்த மாதம் அங்கே இருந்தது ஒரு குடும்பம். படிவத்தில் ஆறு என்று புளுகியிருப்பது நான்.