ஓவனுக்குள் இருப்பது சாப்பாடு இல்லை

ஓவனைத் திறக்காதீர்கள். உள்ளே உங்கள் நண்பருடைய பழைய பைக்கின் சிலிண்டர் இருக்கிறது. அதைச் சூடாக்கி, பிஸ்டன் ஓடும் உள்குழாயான லைனரை அதற்குள் இறக்கி, ஓவனை அணைத்துவிட்டேன். தானாக ஆறட்டும். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. அதுவும் ஆறியிருக்கும்.

நண்பர் வந்தால், "ஸ்டீல் லைனர்தானே போடச் சொன்னேன்" என்பார். அவருக்கு அந்த ஆசையை மூட்டியது நீங்கள். நான் போட்டிருப்பது வார்ப்பிரும்பு. அது ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழவென்ற அந்த ஸ்டீலில் ஆயில் தங்காது. நம் மகளின் பைக்குக்கு நீங்கள் ஸ்டீல் போட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

"வார்ப்பிரும்பெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம், நீ சும்மா இரு" என்றீர்கள். சும்மா இருந்தேன். வளைவில் எஞ்சின் இறுகிச் சக்கரம் நின்றுபோய், அவள் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள்.

நண்பருக்கு ஸ்டீல்தான் வேண்டுமென்றால் வேறு பட்டறையைப் பார்க்கட்டும்.

இன்று அவளுக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். நானே கூட்டிப் போகிறேன். நீங்கள் வர வேண்டாம்.

பட்டறைச் சாவியைத் தேடாதீர்கள். என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. செருப்பு மாட்டும்போது அவள் கேட்டாள்: "நான் ஆயில் பாக்காம ஓட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு அப்பா சொன்னாரும்மா. அப்படியா?"

விழுந்த பைக்கின் ஆயில் டேங்க் நிறைந்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்தது நீங்கள்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. நாங்கள் திரும்பும்போது வீட்டில் இருங்கள். என் முன்னால் அவளிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சாவி தருகிறேன்.